ஆய்வகத்து அடுத்தாள்களுக்கு நேரமும் பெயரும் கொடுங்கள்

செட்டிநாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் கணினிவழி அறிவியல் ஆய்வுக்கு நெறியாளர்களாக இருக்கும் பேராசிரியர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும், துறைத்தலைவர்களுக்கும், ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்கள், மின்கலப் பொருள்களின் அமைப்பைக் கணக்கிடுபவர்கள், ஒரு புரதத்தில் மருந்து எந்த இடத்தில் பொருந்தும் என்று தேடுபவர்கள் எனக் கணினியையே ஆய்வுக்கூடமாகக் கொண்ட ஆய்வு மாணவர்கள் இந்த வட்டாரத்தில் கணிசமாக இருக்கிறோம். எங்களுள் புதிதாகச் சேரும் ஒருவருக்கு முதல் ஆண்டில் வேலை கற்றுக்கொடுப்பவர், பெரும்பாலும் அதே அறையில் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ இருக்கும் மூத்த ஆய்வு மாணவர்தான். இது நீங்கள் அறியாதது அன்று. ஆனால் நான் அறிந்தவரை, இந்த வேலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அரையாண்டு அறிக்கையில் இதற்கு ஒரு வரி இல்லை. இதற்கென்று யாருக்கும் நேரம் ஒதுக்கப்படுவதும் இல்லை. ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பதை வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று கணக்கில் வைக்க வேண்டும், அதைச் செய்பவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், அதைச் செய்வதற்குத் தேவையான சிறிதளவு அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். தலைப்பில் அடுத்தாள் என்றது இந்த மூத்த மாணவரைத்தான்; நம் ஊரார் வெளிநாட்டில் நடத்திய கடைகளில் மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்தவரின் பெயர் அது.

முதலில், வருகிறவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். தேவகோட்டையிலிருந்தும் கல்லலிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் சிங்கம்புணரியிலிருந்தும் பேருந்தில் வந்து படித்து முதுகலை முடித்தவர்கள், ஆத்தங்குடியில் டைல்ஸ் வேலை செய்யும் வீட்டிலிருந்தும் காரைக்குடியில் கண்டாங்கி நெய்யும் வீட்டிலிருந்தும் முதல் பட்டதாரியாக வந்தவர்கள். சுரோடிங்கர் சமன்பாட்டைக் கரும்பலகையில் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்கள்தான். ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் லினக்ஸ் டெர்மினலின் கறுப்புத் திரையைப் பலரும் ஆய்வகத்துக்கு வந்த பிறகே முதன்முதலாகப் பார்க்கிறார்கள். இது அவர்களுடைய குறையன்று. பாடத்திட்டத்தில் கணினி என்பது ஒரு தாளாகவும், அந்தத் தாள் ஒரு தேர்வாகவும் முடிந்துபோனதன் விளைவு. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் லினக்ஸ் அடிப்படைப் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. முதல் இரண்டு வாரங்களுக்கு அவை நன்றாக உதவுகின்றன. அதற்குப் பிறகு பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

ஏன் ஆள் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு புரதத்தின் அசைவை 100 நானோ நொடி அளவுக்குக் குரோமாக்ஸ் மென்பொருளில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் 2 ஃபெம்டோ நொடி (ஒரு நானோ நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ நொடி) என்றால் அது 5 கோடி படிகள். சாதாரணமான ஒரு ஆய்வக சர்வரில் இது நாள் கணக்கில் ஓடும். நடுவில் மின்சாரம் போகிறது, யு.பி.எஸ். தாங்கவில்லை, சர்வர் அணைந்துவிடுகிறது. காலையில் வந்து பார்க்கும் முதலாண்டு மாணவர், 60 நானோ நொடி வரை வந்திருந்த கணக்கு நின்றுபோனதைக் கண்டு, முகம் வாடி, யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் சுழியத்திலிருந்து ஓட்டத் தொடங்குகிறார். அந்த மென்பொருள் இயல்பாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு செக்பாயின்ட் ஃபைலை எழுதி வைக்கிறது என்பதும், அதைக் காட்டி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்தே தொடரும் என்பதும், எனவே போனது அதிகமாய்ப் போனால் கால் மணி நேரக் கணக்குத்தான் என்பதும் அவருக்குத் தெரியாது. கையேட்டில் இது இருக்கிறது. ஆனால் கையேட்டில் எந்தப் பக்கத்தைத் தேட வேண்டும் என்று தெரிவதற்கே, இப்படி ஒரு வசதி இருக்கும் என்ற எண்ணம் முதலில் தோன்ற வேண்டும் அல்லவா? பக்கத்து நாற்காலியில் இருக்கும் அக்காவோ அண்ணனோ ஒரே வரியில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அதை நெறியாளர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் துறையில் பிழைகள் சத்தம் போடுவதில்லை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஏதேனும் தவறினால் நிறம் மாறும், நாற்றம் வரும், வீழ்படிவு தோன்றாது. கணினியில் தவறான கணக்கும் சரியான கணக்கைப் போலவே எட்டுத் தசம இடங்களோடு ஓர் எண்ணைத் தந்துவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவிக்கும். ஒரு பொருளின் ஆற்றலை அதன் எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக் கணக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். வால்டர் கோனுக்கு 1998இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த இந்தக் கோட்பாடு இன்று மின்கல ஆய்விலிருந்து வினையூக்கி ஆய்வு வரை எங்கும் பயன்படுகிறது. அதில் கணக்கு எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்-ஆஃப் ஆற்றல் என்று ஓர் அளவைக் கொடுக்க வேண்டும். சிலிக்கானுக்குப் போதுமான அளவு, மாங்கனீசு ஆக்சைடுக்குப் போதாது. அளவைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போய், மொத்த ஆற்றல் இனி மாறவில்லை என்று உறுதியான இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் நம் ஆய்வகங்களில் நடப்பது என்ன? படித்து முடித்துப் போன ஒரு சீனியரின் இன்புட் ஃபைல் கையிலிருந்து கைக்கு வருகிறது. அணுக்களின் பெயரும் இடமும் மாற்றப்படுகின்றன. கட்-ஆஃப் அப்படியே இருக்கிறது. ஏன் அந்த எண் என்று கேட்டால், ‘அண்ணன் குடுத்த ஃபைல்லயே அப்படித்தாங்க இருந்துச்சு’ என்று பதில் வருகிறது. அந்த அண்ணன் எந்தப் பொருளுக்காக அந்த எண்ணைச் சோதித்துத் தேர்ந்தார் என்பது அவரோடு போய்விட்டது.

ஆகவே ஜூனியருக்கு வழிகாட்டுவது என்பது கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பதோடு முடிவதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் காரணம் கேட்கும் பழக்கத்தை ஊட்டுவது, கிடைத்த விடையை நம்புவதற்கு முன் வேறு வழியில் சரிபார்க்க வைப்பது, தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை என்று நடந்து காட்டுவது இவையெல்லாம் அதில் அடங்கும். இவற்றைச் செய்கிற மூத்த மாணவர், பட்டம் பெறுவதற்கு முன்பே ஒரு சிறிய குழுவின் தலைமையை ஏற்றவராகிறார். தலைமை என்றால் நாங்கள் பொருள்கொள்வது அதைத்தான்.

நெறியாளர்கள் இதைத் தாங்களே செய்யலாமே என்று கேட்க நான் துணியமாட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். வகுப்பு, தேர்வுப் பணி, தர மதிப்பீட்டுக் குழுவுக்கான ஆவணங்கள், நிதி கேட்டு எழுதும் திட்டங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவில் எட்டுப் பேரின் திரையருகிலும் உட்கார்ந்து செக்பாயின்ட் ஃபைலைக் காட்டிக்கொடுக்க எந்தப் பேராசிரியராலும் முடியாது. அந்த இடைவெளியை யாரேனும் நிரப்பித்தான் ஆக வேண்டும், நிரப்பிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் இருப்பதை அலுவல்முறையில் ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே என் கோரிக்கை.

இந்த மண்ணுக்கு இது புதிய யோசனையும் அன்று. நம் ஊர்ப் பெரியவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், ஒரு பையன் முதலில் பெட்டியடியில் உட்கார்ந்து வேலை பழகினான். பிறகு அடுத்தாளாக உயர்ந்தான். அதற்கும் பிறகு மேலாளாகக் கடையையே நடத்தினான். அடுத்தாள் என்பவர் சம்பளம் பேசப்பட்ட, பொறுப்பு வரையறுக்கப்பட்ட, கணக்கில் கைவைக்க உரிமை பெற்ற ஆள். பெட்டியடிப் பையனுக்குப் பேரேடு எழுதப் பழக்குவது அவருடைய வேலை என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். தவணை முடிந்து ஊர் திரும்பும் மேலாள், அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பலேறுவார். நம் ஆய்வகங்களில் மேலாள் இருக்கிறார், பெட்டியடிப் பையனும் இருக்கிறான். அடுத்தாளின் வேலையைச் செய்பவருக்கு மட்டும் அந்த நிலை இல்லை.

நேரத்தைப் பற்றிய என் கோரிக்கைக்குப் புதிதாக ஆணை எதுவும் தேவையில்லை. மேலே சொன்ன அதே 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், முனைவர் பட்ட மாணவர்கள் எல்லாரும், எந்தத் துறையினராயினும், தங்கள் பாடத்தைக் கற்பிப்பதிலும் எழுதுவதிலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. பயிற்சி வகுப்பு, ஆய்வுக்கூடப் பணி, மதிப்பீடு ஆகியவற்றுக்காக வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை அவர்களுக்குப் பணி ஒதுக்கலாம் என்றும் சொல்கின்றன. நடைமுறையில் இந்த மணி நேரங்கள் இளநிலை மாணவர்களின் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்துவதிலும், தேர்வு அறைக் கண்காணிப்பிலும், சில இடங்களில் அலுவலகக் கோப்புகளைத் தட்டச்சு செய்வதிலும் கரைகின்றன. கணினிவழி ஆய்வகத்தில் ஒரு முதலாண்டு மாணவரோடு உட்கார்ந்து, கணினிக்கு அவர் எழுதிய கட்டளைத் தொகுப்பான ஸ்கிரிப்டை வரிவரியாகப் படிப்பதும் ஆய்வுக்கூடப் பணிதான். வாரத்தில் இரண்டு மணி நேரத்தையாவது அந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயே இதற்கென்று எழுதிவைத்தால், சொந்த ஆய்வு நேரத்தைத் திருடிக் கற்றுக்கொடுக்கும் நிலை மாறும். கற்றுக்கொள்பவருக்கும், அக்காவைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம் குறையும்.

அந்தக் கூச்சம் சிறிய விஷயமன்று. மென்பொருள் பயன்படுத்தும் ஆய்வாளர்களுக்கு அடிப்படைத் திறன்களைக் கற்றுத்தர 1998இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்ற இயக்கத்தின் இரண்டு நாள் பயிலரங்குகளில் ஓர் எளிய வழக்கம் உண்டு: ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறங்களில் ஒட்டுத்தாள் கொடுப்பார்கள், உதவி வேண்டுமென்றால் ஒரு நிறத்தை மடிக்கணினியின் மேல் ஒட்டிவிட்டால் போதும், உதவியாளர் ஒருவர் ஓசையின்றி அருகில் வந்துவிடுவார். கையைத் தூக்கி எல்லார் முன்னிலையிலும் ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு, இது எவ்வளவு பொருந்தும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இயக்கத்தில் கற்றுக்கொடுக்க வருபவர்களுக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. எங்களுக்கும் அப்படி ஒரு நாள் பயிற்சியாவது வேண்டும். பொருளை நன்கு அறிந்திருப்பதாலேயே ஒருவருக்கு அதைச் சொல்லித்தரும் பக்குவம் வந்துவிடுவதில்லை. சில மூத்த மாணவர்கள் ஜூனியரின் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு தாமே எல்லாவற்றையும் அடித்துவிடுகிறார்கள். வேலை முடிந்துவிடும், ஜூனியருக்கு எதுவும் தெரிந்திருக்காது. விசைப்பலகை எப்போதும் கற்பவரின் கையில்தான் இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை யாராவது எங்களுக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அடுத்தது அதிகாரம். இந்தச் சொல்லைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நாங்கள் கேட்பது மிகச் சிறிது. ஆய்வக சர்வரில் எல்லாரும் ஒரே லாகினில், ஒரே பாஸ்வேர்டில் நுழையும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஒருவருடைய கோப்பை இன்னொருவர் தெரியாமல் அழித்தால், அழித்தவர் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பழி பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்தவர் மேல் விழுகிறது. ஆளுக்கொரு லாகின் உருவாக்குவது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்ய மூத்த மாணவர் ஒருவருக்கு நிர்வாக உரிமை வேண்டும். அதேபோல, இருக்கும் கணினி வளத்தை யார் எப்போது எவ்வளவு பயன்படுத்துவது என்ற முறை வேண்டும். ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுக்கப் போகிறவர் தம் ஐந்து வேலைகளையும் ஒரே இரவில் சர்வரின் வேலை வரிசையான கியூவில் தள்ளிவிட்டால், முதலாண்டு மாணவரின் பத்து நிமிடச் சோதனை ஓட்டம் நான்கு நாள் காத்துக்கிடக்கும். சின்னச் சோதனைகளுக்குத் தனிக் கியூ வைக்கலாம் என்பது யாரும் அறிந்த தீர்வு. அதை வைக்கவும், மீறுபவரிடம் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லவும் உரிமை பெற்ற ஒருவர் வேண்டும். பொறுப்பை மட்டும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு, எதையும் தீர்மானிக்கும் உரிமையைக் கொடுக்காமல் இருந்தால், நாளடைவில் அவர் கசந்துபோவார். கசந்துபோனவரிடமிருந்து ஜூனியர் கற்றுக்கொள்வது கசப்பைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் நானே சொல்லிவிடுவது நியாயம். மூத்தவர்களுக்கு உரிமை கொடுத்தால் அதைத் தவறாகப் பயன்படுத்துபவர்களும் இருப்பார்கள். தம் கட்டுரைக்கான படங்களை ஜூனியரை வரைய வைப்பவர்கள், டீ வாங்கிவர அனுப்புபவர்கள், எழுதிய ஸ்கிரிப்டைப் பூட்டி வைத்துக்கொண்டு அதைக் காட்டாமலே ஆட்டிவைப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பெயரும் எல்லையும் எழுத்தில் இல்லாத இடத்தில்தான் இவை அதிகம் நடக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். இன்னார் இன்னாருக்கு, இன்ன காலம் வரை, இன்னின்ன வேலைகளில் வழிகாட்டுவார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் நெறியாளரும் கையெழுத்திட்டால், அதற்கு வெளியே கேட்கப்படும் எதையும் மறுக்கும் துணிவு ஜூனியருக்கு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நிற்கும்போது, ஆய்வு முன்னேற்றத்தைக் கேட்பதோடு, ‘உங்களுக்கு வழிகாட்டுபவர் சரியாக இருக்கிறாரா?’ என்று மூத்தவர் இல்லாத வேளையில் ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்.

பெண் ஆய்வாளர்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கணினி இரவெல்லாம் ஓடும். விடுதிக் கதவு இரவெல்லாம் திறந்திருக்காது, தேவகோட்டைக்கும் புதுவயலுக்கும் கடைசிப் பேருந்து யாருக்காகவும் நிற்காது. ஆண் மாணவர்கள் இரவு பத்து மணிக்கு ஆய்வகத்தில் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்வது பெண்களுக்குக் கிடைக்காமல் போகிறது. வழிகாட்டும் நேரத்தைப் பகலில், அட்டவணையில் வைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வசதியையும் சேர்த்துச் செய்து கொடுத்தால், குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஆய்வைத் தொடரும் தோழியர் எத்தனையோ பேர் நன்றியோடு இருப்பார்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘சார்ட்ட சொல்லிடாதீங்கக்கா’ என்ற வாக்கியத்தை என்னைப் போன்ற ஒவ்வொரு மூத்த மாணவியும் கேட்டிருப்பாள். கோப்பு அழிந்துவிட்டது, ஓட்டம் சிதறிவிட்டது, போன மாதம் காட்டிய வரைபடம் தவறு என்று இந்த மாதம் தெரிகிறது. இவற்றை நெறியாளரிடம் சொல்ல அஞ்சி எங்களிடம் சொல்கிறார்கள். கோப்பு அழிந்ததை நாங்கள் எங்களுக்குள் சரிசெய்துவிடலாம். ஆனால் காட்டிய வரைபடம் தவறு என்றால் அதை மறைக்க நாங்கள் உடன்படக் கூடாது. அதே சமயம் நம்பிச் சொன்ன பிள்ளையைக் காட்டிக்கொடுத்தோம் என்றும் ஆகக் கூடாது. அவரையே அழைத்துக்கொண்டு போய், அவர் வாயாலேயே சொல்லவைத்து, பக்கத்தில் நிற்பதுதான் சரியான வழி. அப்படி வந்து நிற்கும்போது நெறியாளர் முதலில் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அந்த ஆய்வகத்தில் பிழைகள் வெளியே வருமா, உள்ளேயே புதையுமா என்பது முடிவாகும். தவறைத் தாமே கண்டுபிடித்துச் சொன்ன மாணவரை முதலில் பாராட்டிவிட்டு, பிறகு வேண்டுமானால் கடிந்துகொள்ளுங்கள் என்று உங்கள் எல்லாரையும் மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் என்று நான் சொன்னதற்கு விளக்கம் இது. இப்போது பல ஆய்விதழ்கள் ஒவ்வோர் ஆசிரியரும் என்ன பங்களித்தார் என்று எழுதித்தரக் கேட்கின்றன. அதற்குப் பரவலாகப் பயன்படும் கிரெடிட் என்ற வகைப்பாட்டில் 14 பங்குகள் உண்டு. மென்பொருள் எழுதியது, தரவைப் பேணியது, சரிபார்த்தது, மேற்பார்வையிட்டது எல்லாம் அவற்றுள் அடங்கும். மேற்பார்வை என்ற பங்கை நெறியாளரின் பெயருக்கு மட்டும் எழுதிவிடும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். ஒரு மூத்த மாணவி ஜூனியரின் கணக்கை ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்த்திருந்தால், சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கட்டும். பரிந்துரைக் கடிதம் எழுதும்போதும், ‘இவர் இத்தனை பேருக்கு வழிகாட்டினார், அவர்கள் இன்னின்ன வேலையைத் தனியாகச் செய்யும் நிலைக்கு வந்தார்கள்’ என்று ஒரு பத்தி எழுதுங்கள். வெளிநாட்டு மேலாய்வுப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் நேர்காணலில் அது கேட்கப்படுகிறது. சொல்வதற்கு நிறைய வைத்துக்கொண்டும் காட்டுவதற்குச் சான்றின்றி நிற்கிறோம்.

மாணவர்களோடு சேர்ந்து பெரிய வேலை செய்வது தமிழகத்துக்குத் தெரியாததன்று. புரதங்களின் வடிவத்தைப் படிக்கும் உலகத்தவர் எல்லாரும் இன்றும் பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது; 1963இல் அது வெளியான கட்டுரையில் ஜி. என். ராமச்சந்திரனோடு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இளைய ஆய்வாளர்களின் பெயர்களும் இருக்கின்றன. இன்றைய கணினிகள் இல்லாத காலத்தில், அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்று கோணம் கோணமாகக் கணக்கிட்ட உழைப்பு அது. வேறு நாட்டு ஏற்பாடு ஒன்றையும் சொல்கிறேன். அமெரிக்க எரிசக்தித் துறை 1991 முதல் கணினிவழி அறிவியல் முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று ஓர் உதவித்தொகைத் திட்டத்தை நடத்திவருகிறது. அதில் சேர்பவர் தம் அறிவியல் துறையோடு கணிதத்திலும் கணினியியலிலும் பாடங்கள் படிக்க வேண்டும். தேசிய ஆய்வகம் ஒன்றில் 12 வாரம் தங்கி, தம் நெறியாளர் அல்லாத வேறொருவரின் கீழ், தம் ஆய்வுத் தலைப்புக்கு வெளியே உள்ள ஒரு வேலையையும் செய்ய வேண்டும். ஒரே கூரையின் கீழ் ஒரே ஆளிடம் மட்டும் கற்பவர் தலைமைக்குத் தயாராவதில்லை என்ற புரிதல் அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. இந்தியா விடுதலை பெற்ற கையோடு, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் பின்னாளில் பல்கலைக்கழகமும் ஆய்வு நிறுவனமும் சைக்கிளில் போய்வரும் தொலைவுக்குள் அமைந்த ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கின்றன? ஆனாலும் ஒரு வளாகத்தில் மின்முனைகளைக் கணக்கிடுபவரும், மற்றொரு வளாகத்தில் புரதங்களை ஓட்டுபவரும் ஒருவரையொருவர் அறியாமலே பட்டம் பெற்றுப் போகிறார்கள். இருவரும் பயன்படுத்துவது அதே லினக்ஸ், அதே பைத்தான், அதே வகைக் கியூ. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வளாகங்களுக்குள் மாறி மாறி, மூத்த மாணவர்களே முன்னின்று நடத்தும் ஒரு கூட்டத்துக்கு இடமும் இணைய வசதியும் மட்டும் கொடுங்கள். அதில் விருந்தினர் உரையோ பொன்னாடையோ வேண்டாம். ஆளுக்கொரு மடிக்கணினியோடு வந்து, ஓடாத ஸ்கிரிப்டைக் காட்டி, யாராவது ஒருவர் சரிசெய்து கொடுக்கும்வரை உட்கார்ந்திருக்கும் கூட்டமாக அது இருக்கட்டும். தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் 2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃபிளாப்ஸ் வேகமுடைய ‘பரம் பொருள்’ என்ற சூப்பர்கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. இத்தகைய இயந்திரங்களில் நேரம் கேட்டு எழுத வேண்டுமென்றால், தம் வேலைக்கு எத்தனை மைய-மணி (ஒரு செயலி மையம் ஒரு மணி நேரம் ஓடுவது ஒரு மைய-மணி) தேவை, எத்தனை மையங்களுக்கு மேல் போனால் வேகம் கூடாது என்று மாணவர் சோதித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யக் கற்றுக்கொள்ள அந்தச் சனிக்கிழமைக் கூட்டம் நல்ல இடம்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு மாற்றம். வைவா முடிந்து வெளியேறும் ஆய்வு மாணவர் நோ டியூஸ் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு நூலகம், விடுதி, அலுவலகம், ஆய்வுக்கூடம் என்று ஒவ்வோர் இடமாகக் கையெழுத்து வாங்குகிறார். நூலகத்துக்கு ஒரு புத்தகம் பாக்கி இருந்தால் கையெழுத்துக் கிடைக்காது. ஐந்தாண்டு உழைத்து எழுதிய ஸ்கிரிப்டுகள், சோதித்துத் தேர்ந்த எண்கள், ஓட்டிச் சேர்த்த தரவு ஆகியவை எந்த ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. அதில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்கிறேன்: ஆய்வில் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகளும் இன்புட் ஃபைல்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கக் குறிப்போடு ஆய்வகத்தில் ஒப்படைக்கப்பட்டன, அவற்றைக் கொண்டு ஆய்வேட்டின் ஒரு முடிவையாவது, எழுதியவர் துணையின்றி, ஜூனியர் ஒருவர் தாமே ஓட்டி மறுபடியும் பெற்றார். இதன் கீழே அந்த ஜூனியர் கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு வரி இருந்தால், மூத்த மாணவர் தம் கடைசி ஆண்டு முழுதும் யாருக்காவது கற்றுக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். ஜூனியருக்கும் அவரிடம் கேட்டுப் பெறும் உரிமை கிடைக்கும்.

வரும் ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டங்களில் இவற்றை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய இயலாது என்றால், நோ டியூஸ் படிவத்தின் அந்த வரியையும் வாரத்துக்கு இரண்டு மணி நேர ஒதுக்கீட்டையும் இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள். பெயரும் கியூவும் சனிக்கிழமைக் கூட்டமும் அடுத்த சேர்க்கைக்குள் வரட்டும். வழிகாட்டும் ஒப்பந்தப் பக்கத்துக்கும் ஒப்படைப்புக் குறிப்புக்கும் மாதிரி வரைவுகளை மாணவர்களாகிய நாங்களே எழுதித்தரத் தயாராக இருக்கிறோம். எந்தத் துறைத்தலைவர் கேட்டாலும் அந்த வாரமே கொண்டுவந்து தருகிறோம்.

மிக்க மரியாதையுடன்,

கணினிவழி வேதியியலில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி
காரைக்குடி